கத்ரீனா முதல், பெரில் பிறகு: ஒரு யாழ்ப்பாண நாட்குறிப்பு

2024 யூன் 23, ஞாயிறு

தம்பி உயர்தரத்தில் புவியியல் படிக்கிறவர். தமிழ் விக்கிப்பீடியாவில் கணக்குத் திறந்துவிட்டார். அத்திலாந்திக் சூறாவளிகளைப் பற்றி எழுத ஆசை. எந்தச் சூறாவளி என்பதில்தான் முதல் இழுபறி. இப்போது வீசிக்கொண்டிருப்பதை எடுத்தால் மாலையில் எழுதியதைக் காலையில் திருத்த வேண்டும். நூறு வருடத்துக்கு முந்தியதென்றால் அளவுகளில் பாதி பிற்கால மதிப்பீடு. பழகுகிறவருக்கு நல்லது, இறுதி அறிக்கை வெளிவந்து பலராலும் அலசப்பட்ட ஒன்று. 2005 கத்ரீனா என்று முடிவாயிற்று.

எழுதுவது மணல்தொட்டியில், அதாவது விக்கிப்பீடியாவின் பயிற்சிப் பக்கத்தில். பொது வெளியில் ஏற்கெனவே பக்கம் இருந்தால் அதை அழித்து எழுதுவதில்லை, பகுதி பகுதியாகச் சேர்ப்பதுதான் முறை. ஒழுங்கு இப்படி: வானிலை வரலாறு, ஆயத்தம், பாதிப்பு, பின்விளைவு, பெயர் நீக்கம் (அந்தப் பெயரை இனி வேறு சூறாவளிக்கு வைக்காமல் விடுவது). முன்னுரை கடைசியில். முதலில் எழுதப்படும் முன்னுரை, செய்தித்தாளில் படித்த ஞாபகத்தில்தான் எழுதப்படும்.

அமெரிக்கத் தேசிய சூறாவளி மையத்தின் இறுதி அறிக்கையைத் தரவிறக்கியாயிற்று. பந்திகளைப் பிறகு பார்க்கலாம். முதலில் பாதை அட்டவணை. ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு வரி, யூரிசி (UTC, உலகப் பொது) நேரத்தில் 00, 06, 12, 18. ஒவ்வொரு வரியிலும் அகலக்கோடு, நெடுங்கோடு, மில்லிபாரில் அமுக்கம், நொட்டில் (மணிக்கு இத்தனை கடல்மைல்) காற்று. கரை கடந்த நேரங்களும் மிகக் குறைந்த அமுக்கமும் அதே அட்டவணையில் உண்டு. அதை அச்செடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதச் சொன்னேன். போனில் பீ.டி.எவ்.வை உருட்டி உருட்டிப் பார்த்தால் ஒரு வரி கீழே போய்விடும், 28ஆம் திகதியின் காற்று 29இல் வந்து குந்தும்.

யூன் 26, புதன்

வானிலை வரலாறு முதல் வரைவு. தொடர் சரி: ஓகஸ்ட் 23 பகாமாசுக்கு அருகே உருவாகி, 25இல் புளோரிடாவைக் கடந்து, மெக்சிக்கோ வளைகுடாவில் 28ஆம் திகதி 150 நொட், 902 மில்லிபார். மறுநாள் 11:10 யூரிசிக்கு லூசியானாவின் புராஸ் அருகே 110 நொட்டுடன் கரையேற்றம். பிழை, கி.மீ. கணக்கில்.

"125 மைலை 1.609ஆல பெருக்கினனான் அண்ணை. 201 வந்தது. 200 எண்டு போட்டன்."

"அந்த 125 எங்கயிருந்து வந்தது? அதுவே ஒருக்கா மட்டம் தட்டின எண். நீர் ரெண்டாந்தரம் தட்டியிருக்கிறீர்."

மூலம் நொட். 110ஐ 1.852ஆல் பெருக்கினால் 203.7, ஐந்தின் மடங்குக்குக் கொண்டுவந்தால் 205. அதே 110 நொட் மைலில் 126.6, ஆகவே 125. எப்போதும் நொட்டிலிருந்து தொடங்க வேண்டும், மட்டம் தட்டுவது கடைசியில் ஒரே தடவை. மில்லிபாரும் ஹெக்டோபஸ்காலும் ஒன்றுதான், அங்கே மாற்றுக் கணக்கு இல்லை.

இன்னொன்று. காற்றின் வேகத்தை ஒன்றிலிருந்து ஐந்து வரை வகைப்படுத்தும் சஃபிர்–சிம்ப்சன் அளவுகோலில், 2005 ஓகஸ்ட் இறுதிச் செய்திகள் கத்ரீனா நான்காம் வகையாகக் கரையேறியதாகச் சொல்லும். அந்த நேரத்து மதிப்பீடு அது. இறுதி அறிக்கையில் மூன்றாம் வகை. இரண்டையும் கலந்து எழுதினால் ஒரே கட்டுரை தன்னோடு தானே சண்டை பிடிக்கும்.

யூன் 30, ஞாயிறு

"கத்ரீனாவின் காற்று, 2008இல் எமது பகுதியை வெள்ளக்காடாக்கிய நிசா புயலினதைவிட மூன்று மடங்குக்கு மேல்" என்று ஒரு வரி சேர்த்திருந்தார். கத்ரீனாவின் உச்சமான மணிக்கு 280 கி.மீ.ஐ நிசாவின் 85ஆல் வகுத்தால் அப்படித்தான் வரும். உள்ளூர் வாசகருக்குப் பிடிபடும்படி எழுதும் எண்ணம் நல்லது. வரியை எடுக்கச் சொன்னேன்.

காரணம், இரண்டும் ஒரே அளவு அல்ல. அமெரிக்க மையம் ஒரு நிமிடச் சராசரியைச் சொல்கிறது. நிசாவின் 85 இந்திய வானிலைத் துறையின் மூன்று நிமிடச் சராசரி. உலக வானிலை அமைப்பின் நியமம் பத்து நிமிடம். சராசரி எடுக்கும் நேரம் நீள நீள அதே காற்றுக்கு எண் சற்றுக் குறையும். கட்டுரையின் பக்கவாட்டில் வரும் சுருக்க அட்டவணையான தகவற்பெட்டியில் ஒரு நிமிடத்துக்கும் மூன்று நிமிடத்துக்கும் வெவ்வேறு வரிகள் இருப்பதன் நோக்கம் இதுதான். ஒன்றை நிரப்பி மற்றதை வெறுமையாக விடலாம். ஒன்றின் எண்ணை மற்றதில் போடக்கூடாது.

சஃபிர்–சிம்ப்சன் வகைகளும் ஒரு நிமிடக் காற்றுக்கே: 64 நொட்டில் முதலாம் வகை, 83இல் இரண்டு, 96இல் மூன்று, 113இல் நான்கு, 137இல் ஐந்து. வங்காள விரிகுடாவுக்கு இந்தியத் துறையின் ஏணி வேறு, அதில் 34 நொட்டில் சூறாவளி, 48இல் கடும் சூறாவளி, 64இல் மிகக் கடும் சூறாவளி. நிசாவுக்கு வகை எண் போட நினைப்பவர்கள் இந்த இடத்தில்தான் வழுக்குகிறார்கள்.

யூலை 2, செவ்வாய்

காலையிலேயே அழைப்பு. கரீபியனில் வீசிக்கொண்டிருக்கும் பெரில் சூறாவளி ஐந்தாம் வகையாகிவிட்டது. அத்திலாந்திக்கில் ஆண்டின் இவ்வளவு முந்திய திகதியில் எந்தச் சூறாவளியும் ஐந்தை எட்டியதில்லை. "இப்பவே போடட்டோ அண்ணை?"

போடலாம், ஆனால் எந்தத் திகதி? அறிவித்தல் வந்தது அந்தப் பகுதி நேரப்படி யூலை 1 இரவு 11 மணிக்கு. யூரிசியில் யூலை 2, 03:00. எங்களுக்கு யூலை 2 காலை 8:30. வானிலை வரலாற்றில் யூரிசி, பாதிப்புப் பகுதியில் அந்தந்த ஊர் நேரம். எமது கடிகாரத்துக்குக் கட்டுரையில் எங்கும் இடமில்லை. இருந்தாலும் ஒரு பயன் உண்டு: முழு அறிவித்தல்கள் அங்கே 5, 11, 5, 11 என்று வரும்போது இங்கே பிற்பகல் 2:30, இரவு 8:30, அதிகாலை 2:30, காலை 8:30. நித்திரை முழிக்கத் தேவையில்லை. 8:30 மட்டும் பார்த்தால் போதும், மற்றவை எங்கும் ஓடிப்போவதில்லை.

முந்திய சாதனை எமிலியுடையது, 2005 யூலை நடுப்பகுதியில். வீசியபோது எமிலிக்கு நான்காம் வகை என்றுதான் சொன்னார்கள். ஐந்து என்றது பருவம் முடிந்த பின் நடந்த ஆய்வில். 1992இல் புளோரிடாவைத் தாக்கிய அன்ட்ரூவுக்கு ஐந்தாம் வகை கிடைக்கப் பத்து வருடம் எடுத்தது, 2002 ஓகஸ்டில். ஆகவே பெரிலின் ஒவ்வொரு எண்ணுக்கும் "யூலை 2 நிலவரப்படி" என்ற சொற்றொடர் கட்டாயம். "தற்போது", "இன்று", "நேற்று" மூன்றும் தடை. இறந்தோர் தொகையை இப்போதைக்கு முன்னுரையில் ஏற்றவே வேண்டாம்.

யூலை 6, சனி

கத்ரீனாவின் பாதிப்புப் பகுதி. கட்டுரையின் கனமெல்லாம் இங்கேதான், அவசரப்பட முடியாது.

தம்பியின் வரைவு: "ஐந்தாம் வகைச் சூறாவளி நியூ ஓர்லியன்சை நேரடியாகத் தாக்கி மூழ்கடித்தது." இந்த ஒரு வசனத்தில் மூன்று பிழை. கரையேறியபோது அது மூன்றாம் வகை. மையம் நகருக்குக் கிழக்காகக் கடந்தது. நகரின் ஏறத்தாழ 80 சதவீதம் மூழ்கியது வெள்ளத்தடுப்புகள் உடைந்ததால். 17ஆம் தெருக் கால்வாயிலும் லண்டன் அவெனியூ கால்வாயிலும் நீர் சுவரின் மேல்விளிம்பைத் தொடுமுன்பே சுவர் சரிந்தது. இதை எழுதாவிட்டால் பொறியியல் தோல்வி முழுவதும் காற்றின் கணக்கில் ஏறிவிடும்.

கடல் மிக உயரமாக ஏறியது மிசிசிப்பி மாநிலத்தின் பாஸ் கிறிஸ்டியனில், 27.8 அடி, ஏறத்தாழ 8.5 மீற்றர். ஏன் அங்கே? வட அரைக்கோளத்தில் சூறாவளி நகரும் திசைக்கு வலப்பக்கம் காற்று கூடுதல், கத்ரீனாவில் அந்தப் பக்கக் காற்று நீரைக் கரைக்குத் தள்ளியது. எமக்குத் தெரிந்த கரையில் பார்த்தால், கிழக்கிலிருந்து வந்து முல்லைத்தீவைக் கடக்கும் புயலுக்கு வலப்பக்கம் வடக்கு. வரைபடத்தில் அம்புக்குறி போட்டுக் காட்டியதும் தம்பிக்குப் பிடிபட்டது.

இறந்தோர்: பழைய பதிப்புகளில் 1,833. தேசிய சூறாவளி மையம் 2023இல் அதை 1,392 ஆக மாற்றியது. இரண்டையும் ஆண்டோடும் சொன்னவரோடும் எழுதினோம். புதிய எண்ணை மட்டும் போட்டால், பழைய புத்தகத்தோடு வரும் யாராவது நல்லெண்ணத்தில் "திருத்தி" விடுவார்கள்.

வகை எண்ணில் தம்பிக்கு இன்னும் மயக்கம் தெளியவில்லை. அதற்கு 1998 மிட்ச்சைப் படிக்கக் கொடுத்தேன். கடலில் ஐந்தாம் வகை. ஹொண்டுராசில் கரையேறும்போது மிகவும் தளர்ந்துவிட்டது. ஆனாலும் மத்திய அமெரிக்காவில் ஆயிரக்கணக்கில் உயிர் குடித்தது மழையும் மண்ணும். நிக்கராகுவாவில் கசீத்தா எரிமலைச் சரிவிலிருந்து இறங்கிய சேறு மட்டும் ஊர்களையே மூடியது. மழைக்கு அந்த அளவுகோலில் ஒரு கோடு கூட இல்லை.

யூலை 10, புதன்

நுட்ப வேலைகள். வரைபடத்தில் புராஸின் புள்ளி திபெத்தில் விழுந்திருந்தது! 89.6 மேற்கு என்பதற்குக் கழித்தல் குறி போடாததால் 89.6 கிழக்கு ஆகிவிட்டது. அத்திலாந்திக் கட்டுரைகளில் அடிக்கடி நடப்பது.

மொழிபெயர்ப்புக் கருவியால் கொண்டுவந்த பகுதியில் மேற்கோள்கள் உடைந்து கிடந்தன. ஆங்கிலப் பக்கத்தில் முன்னுரையில் வரையறுத்த மேற்கோளைக் கீழே பெயரால் மட்டும் அழைத்திருப்பார்கள்; முன்னுரையை நாங்கள் எடுக்காததால் கீழே சிவப்பு எச்சரிக்கை. ஒவ்வொன்றையும் முதலில் வரும் இடத்தில் முழுதாக எழுத வேண்டும். தகவற்பெட்டி கலைந்தால் முதலில் பார்க்க வேண்டியது இறுதி இரட்டை நெளி அடைப்பு, அதாவது }}.

படங்கள்: நாசா, நோவா (கடல், வளிமண்டல ஆய்வு நிறுவனம்) போன்ற அமெரிக்க மத்திய அரசு நிறுவனங்களின் சொந்தப் படங்கள் பொதுக்களத்தில் (காப்புரிமை இல்லாமல்) உள்ளவை, விக்கிமீடியாவின் படக் களஞ்சியமான பொதுவகத்திலேயே கிடைக்கும். பத்திரிகைப் படம் வேண்டாம், எவ்வளவு நல்லதென்றாலும்.

யூலை 14, ஞாயிறு

முன்னுரை எழுதிக் கட்டுரை பொது வெளிக்குப் போயிற்று. தொகுப்புச் சுருக்கம், பகுப்புகள், விக்கித்தரவு இணைப்பு, "கத்ரினா", "கட்ரீனா" என்று தேடுபவரும் இங்கே வர வழிமாற்று, பிறர் செய்யும் மாற்றம் தெரியக் கவனிப்புப் பட்டியல்.

அடுத்து என்ன என்று கேட்டால், தம்பி 1964 டிசெம்பர்ப் புயல் என்கிறார், தனுஷ்கோடியை அழித்தது. பெயரும் வகை எண்ணும் இல்லாத புயல். சஃபிர்–சிம்ப்சன் அளவுகோல் அப்போது பிறக்கவில்லை. பல தளங்களில் மணிக்கு 280 கி.மீ. என்று ஓர் எண் சுற்றுகிறது. எந்தக் கருவி, எந்த நிலையம், எத்தனை நிமிடச் சராசரி என்பதைத் தேடிய பிறகுதான் அதைத் தொடுவது. பாம்பனிலிருந்து போன ரயிலில் இறந்தோர் தொகையும் மூலத்துக்கு மூலம் மாறும், எனவே வீச்சாக எழுதி ஒவ்வொரு முனைக்கும் தனி மேற்கோள். தலைமன்னார்ப் பக்கத்துச் சேதத்துக்கு ஈழத்து நூல்களைச் சேர்த்து வைக்கும் நூலகம் இணையத்தளத்தில் மின்வடிவிலுள்ள பழைய ஈழத்துப் பத்திரிகைகளில் டிசெம்பர் 23இலிருந்து தொடங்கச் சொல்லியிருக்கிறேன்.