எம்.ஆர்.ஐ. எடுக்க முதல் உடம்பில் கிடக்கும் செல் (எறிகணை) துண்டைச் சொல்லுங்கோ

அம்மாவுக்குக் கால் விறைத்து நடை தடுமாறத் தொடங்கியதும், கிளினிக்கில் நாரிக்கு எம்.ஆர்.ஐ. எழுதித் தந்தார்கள். திகதி வந்ததும் புதுக்குடியிருப்பிலிருந்து விடிய வெள்ளன பஸ் ஏறினோம். பதியும் இடத்தில் ஒருவர் படிவத்தைத் தானே வாசித்துத் தானே புள்ளடி போட்டார். "பேஸ்மேக்கர் இருக்கா? ஒப்பரேஷன் செய்து பிளேட் வைச்சதா?" அம்மா இல்லை என்றா. அது உண்மைதான். செல் காயத்தைப் பற்றி அங்கே கேள்வியே இல்லை.

உடுப்பு மாற்ற உதவிய பிள்ளைதான் இடுப்பில் இருந்த தழும்பைக் கண்டா.

"இது என்னம்மா?"

"மாத்தளனில செல் பட்டது, பிள்ளை. துண்டு உள்ளுக்கதான் கிடக்கு. எடுத்தா நரம்பு பழுதாகும் எண்டு விட்டிட்டினம்."

அம்மாவைக் கதிரையில் இருத்திவிட்டு அவ உடனே உள்ளே போய்ச் சொன்னா. ஸ்கானை நிறுத்தினார்கள்.

எம்.ஆர்.ஐ. மெசின் பெரிய காந்தத்தால் படம் எடுப்பது. அந்தக் காந்தம் படம் எடுக்காத நேரத்திலும் இழுத்துக்கொண்டேதான் இருக்கும். வழமையான 1.5 டெஸ்லா மெசின் என்றால் பூமியின் காந்தப் புலத்தைப் போல ஏறத்தாழ 30,000 மடங்கு. செல் கோது அநேகமாக இரும்பு, அசையலாம், சூடேறலாம். சதைக்குள் வருடக்கணக்கில் கிடந்து தழும்பு மூடிய துண்டுக்குப் பயம் குறைவு. கண், முள்ளந்தண்டு, பெரிய இரத்தக் குழாய் இவற்றுக்குப் பக்கத்தில் கிடந்தால் பொல்லாத ஆபத்து.

பழைய கடதாசி கேட்டார்கள். எங்களிடம் ஏது? 2009இல், கடைசி யுத்த நேரம், புதுமாத்தளன் பள்ளிக்கூடத்தில் இயங்கிய ஆஸ்பத்திரியில் காயத்தைக் கட்டி, செஞ்சிலுவைச் சங்கக் கப்பலில் திருகோணமலைக்கு ஏற்றினார்கள். அப்போது தந்த கடதாசிகள் முகாம் வாழ்க்கையோடு போய்விட்டன. வன்னியில் எத்தனையோ பேரின் நிலை இதுதான்.

அதனால் முதலில் எக்ஸ்ரே எடுத்தார்கள். உலோகம் அதில் பளிச்சென்று வெள்ளையாக விழும். இடுப்பில் கிடந்தது தெரிந்ததுதான். நாரியெலும்புக்குக் கிட்ட அரிசிக் குறுணல் அளவில் இன்னொன்று கிடந்தது. அது அம்மாவுக்கே தெரியாது. கதிரியக்க நிபுணர் பார்த்துவிட்டு எம்.ஆர்.ஐ. வேண்டாம், காந்தமில்லாமல் எக்ஸ்ரேயால் எடுக்கும் சி.டி. ஸ்கான் போதும் என்றார். டிஸ்க் பிதுங்கி நரம்பை அமத்துவது சி.டி.யிலேயே தெரிந்தது.

அந்தப் பிள்ளையை நான் மறக்கமாட்டேன். ஆனால் ஒரு ஆளின் கண்ணை நம்பி நோயாளியை உள்ளே விட ஏலாது. எங்கட பக்கத்தில் "செல், குண்டு, துவக்குச் சூடு பட்டதா?" என்ற கேள்வி தமிழில் தனியாக இருக்கவேண்டும். பதிலைக் கேட்ட பிறகே புள்ளடி போடவேண்டும்.

திரும்ப முதல், துண்டு கிடக்கும் இடங்களைக் கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் சிவப்பு மையால் எழுதித் தரச் சொல்லி வாங்கினேன். எக்ஸ்ரே படமும் கொப்பியோடுதான் இருக்கிறது.

சின்ன வயதில் காயப்பட்ட பிள்ளைகள் இப்போது வளர்ந்துவிட்டார்கள். உடம்பில் துண்டு கிடப்பது சிலருக்கு ஞாபகமே இராது. தாய்மார் சொல்லி வையுங்கோ. தலையிலோ முகத்திலோ பட்டிருந்தால், எம்.ஆர்.ஐ. எழுதும் டொக்டரிடமே அதைச் சொல்லி எக்ஸ்ரேயும் கேளுங்கோ.