ஐந்நூறு அடி போதாது

பிப்ரவரி 15, 2025

பாஸ்டனுக்கு மேற்கே எங்கள் பக்கம் காடு என்பதெல்லாம் இரண்டு குடியிருப்புகளுக்கு நடுவில் மிச்சம் இருக்கும் துண்டுகள்தான். மாசச்சூசெட்ஸ் சட்டப்படி, குடியிருக்கும் வீட்டிலிருந்து 500 அடிக்குள் வீட்டுக்காரர் அனுமதி இல்லாமல் வேட்டையாட முடியாது, தார் ரோட்டிலிருந்து 150 அடிக்குள் சுடக் கூடாது. வேட்டைக்கு இடம் தேடி இன்று செயற்கைக்கோள் வரைபடத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வீட்டைச் சுற்றியும் வட்டம் போட்டேன், பெரிதாகத் தெரிந்த காட்டில் சின்னச் சின்னத் திட்டுகள்தான் தேறின. சில ஊர்களில் தனி விதிகளும் உண்டு என்பதால் ஊர் அலுவலகத்திலும் கேட்டுக்கொண்டேன்.

பிப்ரவரி 22

கோழி வளர்க்கும் ஒரு பெரியவர் தன் நிலத்தில் வேட்டையாட அனுமதி எழுதிக் கொடுத்தார். “தாராளமா உட்காருங்க, கிழக்கு வேலிப் பக்கம் மட்டும் துப்பாக்கியைத் திருப்பாதீங்க, அங்கே பிள்ளைங்க சைக்கிள் ஓட்டுற பாதை இருக்கு” என்றார். அவர் சொன்ன இந்த ஒன்று என் வரைபடத்தில் இல்லை.

ஓநாயைவிடச் சிறிய காட்டு நாயினமான கொயோட்டிகளுக்கு இது இணைசேரும் காலம், ராத்திரியில் ஊளை நன்றாகக் கேட்கிறது. 1950-களில்தான் இந்த மாநிலத்துக்குள் வந்தன, ஓநாய் ரத்தமும் கலந்திருப்பதால் மேற்கத்திய கொயோட்டியைவிட உருவம் பெரிது. நள்ளிரவு வரை சுடச் சட்டம் அனுமதிக்கிறது, ஆனால் வீடுகளுக்குப் பக்கத்தில் இருட்டில் நான் உட்கார மாட்டேன். அரை வெளிச்சத்தில் ஒரு வளர்ப்பு நாய்க்கும் கொயோட்டிக்கும் வித்தியாசம் தெரியாது.

மார்ச் 8

கொயோட்டி சீசனின் கடைசி நாள். முயல் அலறும் சத்தத்தை மின் கருவியில் போட்டுவிட்டு, காற்று வீசிப் போகும் திசையைப் பார்த்தபடி உட்கார்ந்தேன், ஏனென்றால் கொயோட்டி நேராக வராது, சுற்றிக்கொண்டு போய் மோப்பம் பிடித்துவிட்டுத்தான் வரும். அப்படியேதான் ஒன்று வந்தது, எட்டும் தூரத்தில் நின்றது. அதற்குப் பின்னால் மரங்களின் இடைவெளியில் ஒரு கூரை தெரிந்தது. 500 அடிக்கு மேல் இருக்கும், சட்டப்படி தப்பில்லை. சுடவில்லை.

மார்ச் 23

வான்கோழி வேட்டைக்குத் தயாராக, 40 கெஜத்தில் காகிதம் ஒட்டி, ஒரே சுடலில் பல சிறு குண்டுகளைச் சிதறடிக்கும் ஷாட்கன்னால் சுட்டு, 10 அங்குல வட்டத்துக்குள் எத்தனை குண்டு விழுகிறது என்று பார்த்தேன். அந்தத் தூரத்தில் ஓரத்தில் குண்டு படாத இடைவெளி இருக்கிறது, 30 கெஜத்தில் வட்டம் நிறைந்துவிடுகிறது. அதனால் 30-தான் என் எல்லை.

நான் ரைஃபிளை வீட்டிலேயே வைத்துவிடுவதற்குக் காரணம், அதன் .223 அளவுத் தோட்டா 3 கிலோமீட்டர் தாண்டியும் போகும். ஷாட்கன்னின் 5-ஆம் நம்பர் அளவு ஈயக் குண்டு சுமார் 240 மீட்டரில் விழுந்துவிடும். அதுவும்கூட 500 அடிக்கு, அதாவது 150 மீட்டருக்கு மேல்தானே! சட்டம் சொல்லும் தூரத்தைக் கடைப்பிடித்தால் போதும் என்று பேசும் வேட்டைக்காரர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். தூரம் முக்கியம்தான், சுடும் திசையில் குண்டைத் தடுக்க ஒரு மேடு இருக்கிறதா என்பது அதைவிட முக்கியம்.

ஏப்ரல் 12

விடியற்காலையில் கேட்பதற்கு மட்டும் போனேன். ஆந்தைபோல் ஒரு குரல் கொடுத்தால் மரத்தில் அடைந்திருக்கும் வான்கோழிச் சேவல் தன்னை அறியாமல் பதில் கத்திவிடும், இருக்குமிடம் தெரிந்துவிடும். பெட்டைக் குரலை இப்போதே கொடுக்கக் கூடாது, சேவல் பழகி உஷாராகிவிடும்.

இந்த மாநிலத்தின் கடைசிக் காட்டு வான்கோழி 1851-இல் மவுண்ட் டாம் மலையில் கொல்லப்பட்டது. 1972-73-இல் நியூயார்க்கிலிருந்து 37 பறவைகளைக் கொண்டுவந்து பெர்க்‌ஷயர் மலைப்பகுதியில் விட்டார்கள். இன்று 30,000-க்கு மேல், அடுக்குமாடி வாசலில்கூட மேய்கின்றன. இப்படி மீட்டுக் கொண்டுவந்த பறவையைச் சுடும் உரிமை எனக்கு இருக்கிறதென்றால், ஒழுங்காகச் சுடும் கடமையும் இருக்கிறது.

ஏப்ரல் 27

நாளை வான்கோழி சீசன் திறக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வேட்டை இங்கே கிடையாது, அதனால் இன்று பை கட்டும் வேலைதான். சிவப்பு, வெள்ளை, நீலம் எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது, சேவலின் தலை அந்த நிறங்கள்தான், இன்னொரு வேட்டைக்காரர் தப்பாகப் பார்த்துவிடுவார். காலுறைவரை சரிபார்த்தேன். பறவை கிடைத்தால் சுற்றி எடுத்துவர ஆரஞ்சுத் துணி, உரசிக் கூப்பிட சிலேட் தட்டும் குச்சியும், அப்புறம் உரிமமும், சுட்ட பறவையில் கட்டும் அடையாளச் சீட்டான டேக்கும்.

முதுகைவிட அகலமான ஓக் மரம் ஒன்றைத் தேர்ந்து வைத்திருக்கிறேன், எதிரே மேடு. சூரியன் உதிக்க அரை மணி முன்னால் தொடங்கி நண்பகலோடு முடித்துக்கொள்ள வேண்டும். பெரியவருக்கு எந்த மரம், எத்தனை மணி என்று செய்தி அனுப்பிவிட்டேன். சேவல் சைக்கிள் பாதைப் பக்கம் வந்து நின்றால் கூப்பிடுவதை நிறுத்திவிடுவேன், மே 24 வரை நாள் இருக்கிறது.