உர அறையில் தொங்கிய தோட்டாக்கள்

அப்பாவுக்கு எழுபது வயது நிறைந்ததும், கூடலூர்த் தோட்டத்தில் அவர் நெடுங்காலமாக வைத்திருந்த பன்னிரண்டு போர் (bore, குழல் அளவு) இரட்டைக்குழல் துப்பாக்கியின் உரிமத்தை என் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்தோம். 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் அந்த வயதைக் கடந்தவருக்கு இதை அனுமதிக்கின்றன. பாதுகாப்புப் பயிற்சி, காவல்துறை விசாரணை எல்லாம் முடிந்து உரிமம் வந்த கதையை இங்கே நீட்டவில்லை. அதன் பிறகு தோட்டாக்களோடு நான் பட்ட பாட்டைத்தான் எழுத நினைக்கிறேன்.

ஒரே நேரத்தில் எத்தனை தோட்டாக்கள் வைத்திருக்கலாம் என்பது உரிமத்திலேயே குறிக்கப்பட்டிருக்கும் என்பதால், முதலில் எண்ணிப் பார்த்தேன். தோல் கச்சையில் செருகி உர அறையின் ஆணியில் மாட்டியிருந்தவை 14. ஆஸ்பெஸ்டாஸ் கூரையை ஒட்டிய பரணில், அட்டைப் பெட்டிக்குள் 11. எண்ணிக்கையில் சிக்கல் இல்லை. ஆனால் கச்சையிலிருந்து ஒன்றை உருவியபோது, அதன் பித்தளை அடிப்பாகத்தைச் சுற்றிப் பச்சைக் களிம்பு பூத்து, விரலில் மாவுபோல ஒட்டியது. “முப்பது வருஷமா இப்படித்தான் தொங்குது, ஒண்ணும் ஆகலையே” என்றார் அப்பா.

தோலைப் பதனிடும்போது அதில் தங்கிவிடும் அமிலங்கள் ஈரத்தோடு சேர்ந்து பித்தளையை அரிக்கும் என்பதால், கச்சை தோட்டாவைச் சுமந்து செல்வதற்கே தவிர வைத்துப் பாதுகாப்பதற்கு அன்று. உர அறை அதைவிட மோசம். ஈரம் பட்ட யூரியாவிலிருந்தும் மாட்டு மூத்திரத்திலிருந்தும் எழும் அம்மோனியா பித்தளையை விரிசல் விடச் செய்யும். பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்த தோட்டாக்களின் பித்தளை உறைகள் காரணம் தெரியாமல் விரிசல் விட்டுப் பிளந்தன. லாயத்து அம்மோனியாவே காரணம் என்பது 1921இல்தான் விளக்கப்பட்டது. நம் அறைக்கு அடுத்த சுவரே தொழுவம் என்று சொன்ன பிறகுதான் அப்பா கச்சையைக் கழற்றித் தந்தார்.

பரணில் இருந்தவற்றுக்கு வேறு நோய். அவை காகிதக் குழல் தோட்டாக்கள் ஆதலால், ஈரக்காற்றை உறிஞ்சி நான்கு தோட்டாக்கள் வாய்ப்பக்கம் உப்பியிருந்தன. உள்ளிருக்கும் புகையற்ற வெடிமருந்தோ, கூரைச் சூட்டில் வேகமாகச் சிதையக்கூடியது. மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தால் போதும் என்ற யோசனையை நான் ஏற்கவில்லை; எண்ணெய் கசிந்து, மருந்தைப் பற்றவைக்கும் பிரைமருக்குள் போனால் தோட்டா வெடிக்காமலே போகலாம். உலர்ந்த துணியால் மட்டும் துடைத்து, களிம்பு ஆழமாக அரித்த ஐந்தையும் உப்பிய நான்கையும் ஒதுக்கினேன். இவற்றை நெருப்பிலோ குப்பையிலோ போடக் கூடாது. இரண்டு முறை காவல் நிலையத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டு, மூன்றாம் முறை எழுத்து மூலம் ஒப்படைத்து ரசீது வாங்கினேன்.

மிச்சமிருந்த 16 தோட்டாக்களுக்காக ரப்பர் விளிம்பு வைத்த, காற்றுப் புகாத பெட்டி ஒன்றை வாங்கினேன். அதை உடனே நிரப்பாமல் பிப்ரவரி வரை காத்திருந்தேன். மழை நாளில் மூடினால் ஈரக்காற்றையும் சேர்த்தே பூட்டி வைத்தது போலாகிவிடும். வெயில் ஏறிய ஒரு பிற்பகலில், தோட்டாக்களைச் சிறு அட்டைப் பெட்டிகளில் அடுக்கி, எண்ணிக்கையையும் தேதியையும் மேலே எழுதி, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பை இரண்டைப் போட்டு மூடினேன். பெட்டி இப்போது வீட்டின் நடு அறையில், வெயில் படாத உட்சுவரை ஒட்டிய இரும்புப் பீரோவில் பூட்டியிருக்கிறது. துப்பாக்கி வேறொரு பூட்டில். இரண்டு சாவிகளும் ஒரே வளையத்தில் இருப்பதில்லை. புதிதாக வாங்குபவை அடியிலும் பழையவை மேலும் இருக்கும்படி அடுக்குகிறேன், பழையதை முதலில் எடுத்துத் தீர்ப்பதற்காக.

தென்மேற்குப் பருவமழை ஓய்ந்த பின் பெட்டியைத் திறந்தபோது, சிலிக்கா ஜெல்லின் ஆரஞ்சு நிற மணிகளில் பாதிக்குமேல் ஈரம் ஏறிக் கரும்பச்சையாகியிருந்தன. ரப்பர் விளிம்பின் ஒரு மூலையில் தலைமுடி ஒன்று சிக்கியிருந்ததுதான் காரணம். அதை எடுத்துவிட்டு, மணிகளைப் பழைய ஓவனில் 120 டிகிரியில் உலர்த்தி நிறம் திரும்பிய பின் மீண்டும் வைத்தேன். பக்கத்தில் நின்று பார்த்த அப்பா, கச்சையைத் தமக்கே தந்துவிடும்படி கேட்டு வாங்கிக்கொண்டார். இப்போது அதில் கவாத்துக் கத்தி தொங்குகிறது.