மந்தையும் தீர்மானப் புத்தகமும்

இந்த நாட்டை நினைத்துப் பெருமைப்பட இப்போது என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். கேட்பதில் தப்பில்லை. டிவியைப் போட்டால் கூச்சல், போனைத் திறந்தால் வசவு. சாதி, மதம், மொழி, கட்சி என்று அண்ணன் தம்பியே குடும்ப வாட்ஸ்அப் குரூப்பை விட்டு வெளியேறுகிற காலம் இது. ராக்கெட் ஏறினாலும் கோப்பை கிடைத்தாலும் அந்தச் சந்தோஷம் ரெண்டு நாள் தாங்கும். கீழடியைச் சொல்லலாம், ஆனால் 2,600 வருசத்துக்கு முந்திய அந்தப் பெருமை முன்னோர் சம்பாதித்தது. இன்றைக்கு உயிரோடு நடமாடும் மனிதர்கள் சம்பாதித்த பெருமை ஒன்று மதுரையிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் இருக்கிறது. மேலூர்ப் பக்கம் போனாலும் சரி, உசிலம்பட்டிப் பக்கம் போனாலும் சரி. அதன் பெயர் கிராம சபை.

மேலூர்ப் பக்கத்து அரிட்டாபட்டியிலிருந்து தொடங்குகிறேன். ஏழு மலைகள், சமணர் படுக்கைகள், தமிழி எழுத்துக் கல்வெட்டு, பாண்டியர் காலக் குடைவரைக் கோயில், பாறையிலிருந்து கசியும் சுனைகள், அந்தத் தண்ணீரை வாங்கி வைக்கும் கண்மாய்கள், மலை முகட்டில் கூடு கட்டும் வல்லூறுகள். அரிட்டாபட்டியிலும் பக்கத்து மீனாட்சிபுரத்திலுமாகச் சேர்த்து 193 ஹெக்டேரை 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. ஏறத்தாழ ரெண்டு வருசம் கழித்து, 2024 நவம்பர் 7 அன்று, நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலத்தின் முடிவு வந்தது. பரப்பு 2,015 ஹெக்டேர் சொச்சம், அரிட்டாபட்டியும் அதற்குள். டங்ஸ்டன் போன்ற முக்கியக் கனிமங்களை ஏலம் விடும் அதிகாரம் 2023-ல் வந்த சட்டத் திருத்தத்தால் ஒன்றிய அரசின் கைக்குப் போயிருந்தது.

வழக்கமாக நவம்பர் 1-ல் நடக்கும் கிராம சபைக் கூட்டம் அந்த வருசம் தீபாவளியை ஒட்டி வந்ததால் 23-ஆம் தேதிக்குத் தள்ளிப்போனது. 1-ஆம் தேதியே நடந்திருந்தால் ஏலச் செய்தி வந்திருக்காது, பொருள்நிரலில் சுரங்கம் ஏறியிருக்காது. தள்ளிப்போன அந்த மூன்று வாரம் மேலூர் ஊர்களுக்குக் கை கொடுத்தது. 23-ஆம் தேதி அரிட்டாபட்டியும் சுற்றுவட்ட ஊராட்சிகளும் சுரங்கம் வேண்டாம் என்று தீர்மானம் போட்டன. டிசம்பர் 9-ல் சட்டமன்றம் அதையே சொன்னது. 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் தபால் நிலையம் நோக்கி ஆயிரக்கணக்கில் ஜனங்கள் திரண்டு வந்தார்கள். ஊர்ப் பெரியவர்கள் டெல்லி வரை போய் அமைச்சரைப் பார்த்துப் பேசினார்கள். ஜனவரி 23-ல் ஏலம் ரத்து. ஏல முடிவுக்கும் ரத்துக்கும் இடையில் 77 நாள்.

இதில் கூட்டிச் சொல்லக்கூடாத ஒன்று உண்டு. கிராம சபை 'வேண்டாம்' என்றாலே சுரங்கம் நின்றுவிடும் என்று சட்டம் சொல்லவில்லை. பழங்குடிப் பகுதிகளுக்கான 1996-ஆம் வருசத்து பெசா சட்டம் தமிழ்நாட்டில் செல்லாது, இங்கே அரசியல் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணையில் வரும் பழங்குடிப் பகுதி கிடையாது. ஒடிசாவின் நியமகிரி மலையில் 2013-ல் உச்ச நீதிமன்றமே கிராம சபைகளைக் கேட்டு வரச் சொன்னது. 12 கிராமங்களும் பாக்சைட் சுரங்கம் வேண்டாம் என்றன, திட்டம் நின்றது. அங்கே வன உரிமைச் சட்டம் துணைக்கு இருந்தது. மேலூருக்கு அந்தப் பிடிமானமும் இல்லை. இருந்தும் தீர்மானத்துக்குக் கனம் இருந்தது. எந்த ஊர், எந்தத் தேதி, எத்தனை பேர், என்ன சொன்னார்கள் என்பது அரசு பதிவேட்டில் ஏறிவிட்டால், 'உள்ளூரில் எதிர்ப்பே இல்லை' என்று அதன்பின் யாரும் எழுத முடியாது.

இதே மேலூர் தாலுகாவில்தான் மேலவளவு இருக்கிறது. 1996-ல் அந்த ஊராட்சித் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசன், 1997 ஜூன் 30 அன்று மதுரை கலெக்டர் ஆபீசுக்குப் போய்விட்டு பஸ்ஸில் திரும்பும் வழியில் வெட்டிக் கொல்லப்பட்டார். அவரோடு இன்னும் ஐந்து பேர். அதே காலத்தில் உசிலம்பட்டிப் பக்கத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, மதுரை மாவட்டத்து நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்துக் கொட்டகச்சியேந்தல் ஆகிய ஊர்களிலும் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது, பத்து வருசம் அங்கே தேர்தல் ஒழுங்காக நடக்கவில்லை. யாரையும் வேட்புமனு போட விடமாட்டார்கள். போட்டால், ஜெயித்த கையோடு ராஜினாமா வாங்கிவிடுவார்கள். 2006 அக்டோபரில்தான் தேர்தல் நடந்து முடிந்தது; மதுரை மாவட்டத்து ஊர்களில் அப்போதைய மதுரை கலெக்டர் உதயச்சந்திரன் ஊர் ஊராக உட்கார்ந்து பேசினார்.

இதைச் சொல்லாமல் அரிட்டாபட்டியை மட்டும் சொன்னால் அந்தப் பெருமை பொய்யாகிவிடும். மேலவளவில் ஆறு உயிரைக் கொண்டுபோனதும், பாப்பாபட்டியில் பத்து வருசம் பூட்டிக் கிடந்ததும், 77 நாளில் ஒரு ஏலத்தை ரத்து செய்ய வைத்ததும் ஒரே அமைப்பு. 1992-ல் வந்த 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தமும் 1994-ஆம் வருசத்துத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் கொடுத்தது அது. நம் ஊர்ப்பக்கம் அதற்குக் கொடுத்த விலை அதிகம். அதனால்தான் எனக்கு அதன் மேல் இவ்வளவு மரியாதை.

பழம்பெருமை பேசுகிறவர்கள் உடனே குடவோலைக்குப் போவார்கள். நம் பாண்டிய நாட்டுக்குள்ளேயே, திருநெல்வேலிக்கு வடக்கே மானூரில், ஏறத்தாழ 1,200 வருசத்துக்கு முந்திய கல்வெட்டு இருக்கிறது. சபையில் எதைச் சொன்னாலும் 'அன்று அன்று' (இல்லை, இல்லை) என்று முட்டுக்கட்டை போடுகிறவனுக்கு ஐந்து காசு தண்டம் என்கிறது. அருமையான விதி. ஆனால் அந்தச் சபையில் உட்கார நிலம் வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். இன்றைய கிராம சபைக்கு ஒரே தகுதி, ஊராட்சி வாக்காளர் பட்டியலில் பெயர். நூறு நாள் வேலைக்குப் போகும் அம்மாவுக்கும் அம்பலகாரருக்கும் ஒரே ஜமுக்காளம், தலைக்கு ஒரு கையெழுத்து. மானூரை விட இது பெரிய விஷயம்.

சரி, நடைமுறைக்கு வருவோம். கூட்டம் வருசத்துக்கு ஆறு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஏழு நாள் முன்னதாக அறிவிப்பு வரவேண்டும். முதல் கோளாறு இங்கேயே தொடங்கும். நோட்டீஸ் ஊராட்சி ஆபீஸ் கதவில் மட்டும் ஒட்டப்பட்டிருக்கும், காலனித் தெருவுக்குச் சேதியே போயிருக்காது. எந்தெந்தத் தெருவில் அறிவிப்புச் செய்தார்கள் என்பதைக் கூட்டம் தொடங்கியதும் கேட்டு, பதிலைப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். அடுத்த முறை ஆட்டோ மைக் எல்லாத் தெருவுக்கும் போகும்.

அடுத்தது கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாக வேண்டிய குறைந்தபட்சத் தலைக்கணக்கு. ஊராட்சியின் ஜனத்தொகை 500 வரை என்றால் 50 பேர் வேண்டும். 501 முதல் 3,000 வரை 100 பேர், 3,001 முதல் 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். ஊர்ப் பொதுத்திடலான மந்தையில் எண்பது பேர் உட்கார்ந்திருக்க, புத்தகத்தில் இருநூறு கையெழுத்து இருக்கிற கதை பல ஊர்களில் உண்டு. முந்தின நாள் வேலைத்தளத்திலேயே கையெழுத்து வாங்கிவிடுவார்கள். அப்படிப் போட்ட தீர்மானத்தை யார் வேண்டுமானாலும் பிறகு கோர்ட்டில் ஆட்டிவிடலாம். அது ஊருக்குத்தான் நஷ்டம். உண்மையாகவே ஆள் கூடியிருந்தால் தலையை எண்ணி, எண்ணிக்கையையும் நேரத்தையும் முதல் வரியிலேயே எழுதி, ஆள் தெரிகிற மாதிரி நாலு போட்டோ எடுத்து வைக்க வேண்டும்.

வரவு செலவு வாசிக்கும்போதுதான் பாதிப் பேர் எழுந்து டீ குடிக்கப் போவார்கள். போகாதீர்கள். தெருவிளக்கு, மோட்டார் பழுது, பைப்லைன், பிளீச்சிங் பவுடர், இந்த நாலு தலைப்பை மட்டும் கவனித்தாலே போதும். எல்.இ.டி. பல்பு எத்தனை வாங்கியதாகக் கணக்கு, ஊரில் கம்பம் எத்தனை? ஒரே ஆழ்குழாய் மோட்டாருக்கு வருசத்தில் எத்தனை தடவை காயில் கட்டியிருக்கிறார்கள்? சண்டை போடுகிற தொனி வேண்டாம். ரசீதைக் காட்டுங்கள் என்று கேட்டால் போதும்.

இனி தீர்மானம். ரொம்ப ஊர்களில் எழுதுவது இப்படி: 'கண்மாயைத் தூர்வார வேண்டும் என ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.' இது எங்கேயும் போகாது. எந்தக் கண்மாய், யார் தூர்வார வேண்டும், எப்போதைக்குள், ஒன்றும் இல்லை. ஆயக்கட்டு, அதாவது கண்மாய்த் தண்ணீர் பாயும் நிலம், 100 ஏக்கருக்கு மேலிருந்தால் அது பி.டபிள்யூ.டி. கண்மாய், இப்போது நீர்வளத் துறை. அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பில் உள்ள யூனியன் கண்மாய். ஆபீஸ் மாறிப்போனால் 'எங்கள் கட்டுப்பாட்டில் இல்லை' என்று ஒரு வரி பதில் வரும், ஒரு மழைக்காலம் வீணாகும். எழுத வேண்டியது இந்த மாதிரி:

'பொருள் 7: நமது ஊர் பெரிய கண்மாய் (புல எண், ஆயக்கட்டு ஏக்கர் குறிக்கப்பட்டுள்ளது) இரண்டாம் மடையின் ஷட்டர் துருப்பிடித்து மூட முடியாமல் உள்ளது. வரத்துக்கால் கலுங்கு வரை கருவேல மரம் அடைத்துள்ளது. வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பர் 30-க்குள், இரண்டையும் சரிசெய்து தருமாறு நீர்வளத் துறை செயற்பொறியாளரைக் கேட்டுக்கொள்வதென இச்சபை தீர்மானிக்கிறது. முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர், ஆதரவு எத்தனை, எதிர்ப்பு எத்தனை.'

இதையும் ஆகஸ்ட் 15-ல் கொண்டுபோய் வைத்தால் எஸ்டிமேட் போடுவதற்குள் ஐப்பசி மழை வந்துவிடும். கண்மாய் வேலை என்றால் ஜனவரி 26 அல்லது மார்ச் 22 கூட்டத்திலேயே வைக்க வேண்டும், கோடையில் தரை காய்ந்திருக்கும்போது வேலை நடக்கும்.

எழுதி முடித்ததும் கடைசி வரிக்குக் கீழே ஒரு கோடு இழுத்து, அதற்குக் கீழே கையெழுத்து. முதலில் கையெழுத்து, தீர்மானம் பிறகு எழுதிக்கொள்ளலாம் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். நடுவில் விட்ட காலி இடத்தில் கூட்டத்தில் பேசாத தீர்மானம் ஏறியிருக்கும். ஒவ்வொரு தீர்மானத்தையும் எழுதியபடியே மைக்கில் ஒருமுறை வாசிக்கச் சொல்ல வேண்டும். வாசிக்கும்போதுதான் 'பரிசீலிக்கலாம்' என்று நைசாக மாற்றியிருப்பது தெரியும்.

நகல் வாங்குவது தனி வேலை. கேட்டதும் கொடுத்தால் நல்லது. இழுத்தடித்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் பீ ஸ்டாம்ப் ஒட்டி, கூட்டத் தேதியும் பொருள் எண்ணும் குறிப்பிட்டு ஊராட்சி ஒன்றிய அலுவலகத்துக்கு ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். பக்கத்துக்கு 2 ரூபாய் கேட்பார்கள். 30 நாள் கெடு. தப்பான ஆபீசுக்கு அனுப்பியிருந்தாலும் ஐந்து நாளுக்குள் சரியான இடத்துக்கு மாற்றிவிட வேண்டியது அவர்கள் பொறுப்பு. பதில் இல்லையென்றால் முதல் மேல்முறையீடு, அதற்கும் 30 நாள்.

2025 ஜனவரி 5-ல் மதுரை உட்படப் பெரும்பாலான மாவட்டங்களில் ஊராட்சிப் பிரதிநிதிகளின் காலம் முடிந்து, பொறுப்பு தனி அலுவலர்கள் கைக்குப் போனது. 2016 கடைசியிலிருந்து 2019 முடியவும் இதே கதைதான். தேர்தல் தள்ளிப்போவது கேவலம், அதில் மறுபேச்சு இல்லை. ஆனால் தலைவர் நாற்காலி காலியானாலும் கிராம சபை காலியாகாது. அதைக் கலைக்கும் அதிகாரம் எந்தக் கட்சிக்கும் இல்லை. வாக்காளர் பட்டியல் இருக்கும்வரை சபையும் இருக்கும். அரசியல் எவ்வளவு கெட்டுப்போனாலும் எட்டிப் பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு என்றால் எனக்கு இதுதான்.

ஜனவரி 26-க்கும் ஆகஸ்ட் 15-க்கும் கூட்டத்துக்கு முன்னால் கொடியேற்றம் இருக்கும். கயிற்றை இழுப்பது யார் என்று பாருங்கள். பட்டியல் சாதித் தலைவர்களைக் கொடியேற்ற விடாத ஊர்கள் இருந்ததால்தான் 2022 ஆகஸ்டில் தலைமைச் செயலாளரே கலெக்டர்களுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. நாற்காலி போட்டால் எல்லோருக்கும் போட வேண்டும், இல்லையென்றால் எல்லோரும் ஜமுக்காளத்தில். கொடிக்குச் சல்யூட் அடித்துவிட்டு மந்தையில் உட்கார்ந்ததும் முதல் பொருளாக இதைக் கேளுங்கள்: சென்ற கூட்டத்துத் தீர்மானங்கள் எந்தெந்த ஆபீசுக்கு, எந்தத் தேதியில் போயின, என்ன பதில் வந்தது? தபால் ரசீதோடு வாசிக்கச் சொல்லுங்கள்.