இண்டைக்கும் பாதை ஏறினன்

விடிய படிப்பிக்கப் போறதுக்கு, மட்டக்களப்பு வாவிக் கரையில குருமண்வெளித் துறையில பாதைக்கு, அதான் வாவியக் கடக்கிற மிதவைக்கு, காத்து நிக்கக்குள்ள, உண்மையச் சொன்னா, திரும்பி வீட்ட போயிருவமா எண்டுதான் இருந்திச்சு. 2022ல பெற்றோல் கியூவில ராவு பகலா நிண்டம், மறுகா 2024 கார்த்திகையிலயும் 2025 கார்த்திகையிலயும் மழ வெள்ளத்தால ஏ.எல் (உயர்தர) சோதனையே இடையில நிண்டு போச்சு, எழுதிக்கொண்டிருந்த புள்ளையள்ற முகத்தப் பாக்க ஏலாது. சம்பளம் கடனுக்கே சரி.

அப்படியே மண்டூர்ப் பக்கம் இறங்கி வகுப்புக்குப் போனா, ஏழாம் ஆண்டுப் பொடியன் ஒருத்தன், வருசத் தொடக்கத்தில எழுத்துக் கூட்டவே தெரியாதவன், வெள்ளத்தில நனைஞ்ச தமிழ்ப் புத்தகத்த வெயில்ல காய வெச்சுக் கொண்டந்திரிக்கான். பக்கமெல்லாம் அப்பளம் மாதிரிப் பொருமி, ஓரத்தில சேத்துக் கறை. "டீச்சர், வாசிக்கட்டா?" எண்டு கேட்டு விரல வெச்சு வெச்சு ஒரு பக்கம் முழுக்க வாசிச்சு முடிச்சிட்டான், ரெண்டு இடத்திலதான் தடக்கினான், மற்றப் புள்ளையள் தாங்களாவே கை தட்டினாங்க, எனக்குக் கண் கலங்கிட்டு.

புள்ளையள் வெள்ளாம வெட்டுக்குப் போனாலும் திரும்பி வாறாங்க, அதுதான் எனக்குப் பெரிய தெம்பு. நாளைக்கு அவனுக்கு ரெண்டு கதைப்புத்தகம் கொண்டு போறன், நனையாம சொப்பிங் பேக்கில சுத்தி வெச்சாச்சு.