உதடு மட்டும் தெரிந்த மனைவிகள்

உலகம் அழிகிற படங்களில் மனைவியாகப் பேசுவது எனக்குப் பழகிப்போன வேலை. சென்னையில் ஆங்கிலப் படங்களுக்குத் தமிழில் குரல் கொடுப்பவர்களுக்குள் எழுதி வைக்காத ஒரு பங்கீடு உண்டு. ஒருவர் குழந்தைக் குரலுக்கு, ஒருவர் ராணுவத் தளபதிக்கு, ஒருவர் விண்கலத்தில் பேசும் கணினிக்கு. என் பங்குக்கு வந்து சேர்ந்தவள் கதாநாயகனோடு ஒத்துப்போகாத மனைவி. அல்லது விவாகரத்து வாங்கிக்கொண்டு இன்னொருவரோடு வாழ்பவள். வருவது நிலநடுக்கமோ, வால்மீனோ, எழுந்து நடக்கும் பிணங்களோ, முதல் இருபது நிமிடத்துக்குள் அவனைப் பார்த்து ‘நீ எப்போதுமே இப்படித்தான்’ என்று சொல்ல ஒருத்தி வேண்டும். அந்த வரியை எத்தனை விதமாகச் சொல்ல முடியுமோ அத்தனை விதமாகவும் சொல்லிவிட்டேன். நான் பேசிய படங்களின் பெயரை வெளியிட ஒப்பந்தம் இடம் தராது. கீழே பெயர் சொல்லி எழுதுபவையெல்லாம் டிக்கெட் வாங்கியோ வீட்டில் உட்கார்ந்தோ பார்த்தவை.

பெரிய படங்கள் வெளியாவதற்கு வெகு நாள் முன்பே எங்கள் கைக்கு வந்துவிடும். திருட்டுப் பயத்தால் முழுக் காட்சியையும் அனுப்ப மாட்டார்கள். திரை முழுவதும் கறுப்பு. நடுவே பேசுகிறவரின் வாய் மட்டும் ஒரு சின்ன வட்டத்துக்குள் தெரியும். அவர் தலையைத் திருப்பினால் வட்டமும் கூடவே நகரும். குறுக்கே வெள்ளை எழுத்தில் ஒரு முத்திரை. காதில் மூலக் குரல், எதிரே மைக், கையில் வசனத் தாள். அந்த வாய்க்குப் பின்னால் கடல் வருகிறதா, கட்டடம் சரிகிறதா என்பது குரல் பதிவுப் பொறுப்பாளர் சொன்னால்தான் தெரியும். ‘மேடம், இந்த இடத்தில் பாலம் உடைகிறது, மூச்சு இரைக்க வேண்டும்’ என்பார். இரைப்போம்.

இப்படி வேலை செய்ததில் ஒன்று புலப்பட்டது. எதிரே நிற்பவனின் முகம் தெரியாமல், வெறும் வாயாக அவளைப் பார்த்துக்கொண்டு அவள் வரிகளைச் சொன்னால், அவள் சொல்வதில் பிழையே இல்லை. ஒன்பது மணிக்கு வருகிறேன் என்றாய், பத்தரைக்கு வந்திருக்கிறாய். பிள்ளைக்கு மருந்து கொடுக்க மறக்காதே. ஊரே ஓடும்போது நீ ஏன் எதிர்த்திசையில் போகிறாய்? இவற்றில் எதை வெறுப்பது? படம் வெளியான பிறகு தியேட்டரில் போய் உட்கார்ந்தால் அதே வரிகள் நச்சரிப்பாகக் கேட்கும். குரல் நான் கொடுத்த குரல்தான், ஏற்ற இறக்கமும் அதேதான். புதிதாக வந்து சேர்ந்திருப்பது, அவள் பேசி முடித்ததும் வெட்டிக் காட்டப்படும் அவனுடைய முகம். திட்டு வாங்கிய பள்ளிப் பையன் மாதிரி ஒரு பார்வை, இரண்டு விநாடிக்கு. அதற்குள் அரங்கம் முழுவதும் அவன் பக்கம் போய்விடுகிறது. அவளுக்கு அப்படி இரண்டு விநாடி தர யாருக்கும் மனம் வருவதில்லை.

ஸ்பீல்பெர்க் இயக்கி 2005இல் வந்த ‘வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்’ படத்தில் இது நன்றாகத் தெரியும். டாம் குரூஸின் ரே துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவன். முன்னாள் மனைவி மேரி ஆன், கர்ப்பிணி, இரண்டாவது கணவனோடு வந்து பிள்ளைகளை ரேயின் வீட்டில் விடுகிறாள். ரே தாமதமாக வந்து சேருகிறான். அவள் உள்ளே போய் ஃப்ரிட்ஜைத் திறந்து பார்க்கிறாள், பிள்ளைகள் சாப்பிட அதில் ஒன்றும் இல்லை. அவள் செய்த பாவம் அவ்வளவுதான். அடுத்தவன் வீட்டு ஃப்ரிட்ஜை இவள் ஏன் திறக்கிறாள் என்று அந்தக் கணத்தில் நமக்கே கோபம் வரும். ஆனால் ஸ்பீல்பெர்க் அதோடு விட்டுவிடவில்லை. வேற்றுக்கிரகத்தவரிடமிருந்து தப்பி வந்த இரவில் ரே மகளுக்கு வேர்க்கடலை வெண்ணெய் தடவிய ரொட்டியைக் கொடுக்கிறான். அது தனக்கு ஒவ்வாது என்கிறாள் மகள். எப்போதிலிருந்து என்று கேட்கிறான். பிறந்ததிலிருந்து என்கிறாள். ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்தவள் ஏன் பார்த்தாள் என்பதற்கு அந்த ஒரு பதில் போதும். இந்த நேர்மை எல்லாப் படத்திலும் இருக்காது.

மனைவிக்கு நடப்பது இது என்றால், அவளுடைய புதுத் துணைக்கு நடப்பது அதைவிட மோசம். ரோலண்ட் எமெரிக்கின் ‘2012’ படத்தில் வரும் கார்டனை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை. 2009இல் வந்த படம், தமிழிலும் ஓடியது. நாயகன் ஜாக்சன் ஓர் எழுத்தாளன். வயிற்றுப்பாட்டுக்கு ஒரு ரஷ்யக் கோடீஸ்வரருக்குக் கார் ஓட்டுகிறான். அவனுடைய முன்னாள் மனைவி கேட். அவளோடு வாழ்பவர் கார்டன், பிளாஸ்டிக் சர்ஜரி மருத்துவர். பிள்ளைகள் அவரோடு ஒட்டிக்கொண்டிருக்கின்றன, மகனுக்கு அவர்மேல் பிரியம். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரமே பிளந்து கடலுக்குள் சரியும்போது அந்தக் குடும்பத்தைச் சின்ன விமானத்தில் ஏற்றி வெளியே கொண்டுவருபவர் யார்? கார்டன். அவர் முறையான விமானியும் இல்லை, பயிற்சி வகுப்புக்குச் சில முறை போனவர், அவ்வளவுதான். பிறகு பெரிய ரஷ்யச் சரக்கு விமானத்திலும் துணை விமானி இருக்கையில் அவரைத்தான் உட்கார வைக்கிறார்கள். படம் முழுக்கத் தேடிப் பாருங்கள், அந்த மனிதர் ஒரு கெட்ட வார்த்தை பேசி யாரையும் நோகடித்ததில்லை. கடைசியில், உலக அழிவிலிருந்து தப்பிக்கக் கட்டிய பேழைக் கப்பலின் பல்சக்கரங்களுக்கிடையே நசுங்கிச் சாகிறார். சற்று நேரத்தில் ஜாக்சனும் கேட்டும் முத்தமிட்டுக்கொள்கிறார்கள். கார்டன் என்று ஒருவர் இருந்ததையே கப்பலில் யாரும் நினைத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

கார்டன் என்ன தவறு செய்தார் என்று உடன் பேசும் ஒரு நண்பரிடம் கேட்டேன். அவர் இரண்டாவது கணவன்களுக்கே குரல் கொடுத்துப் பழகியவர். ‘அக்கா, அவன் உட்கார்ந்திருந்த நாற்காலி கதாநாயகனுடையது’ என்றார். குடும்பம் ஒன்றுசேர வேண்டும் என்று கதை முதலிலேயே முடிவு செய்துவிட்டது. விவாகரத்தை ரத்து செய்ய நீதிமன்றம் போக முடியாது, அதற்குப் படத்தில் நேரம் இல்லை. ஆகவே பல்சக்கரம். அந்த நண்பருக்கு இதில் ஒரு லாபமும் உண்டு. சாவின் அலறலைப் பல சமயம் மூலப் படத்திலிருந்தே எடுத்துக்கொள்வார்கள் என்பதால், தான் சாகும் காட்சிக்கு அவர் இருக்கவே வேண்டியதில்லை. சீக்கிரம் கிளம்பிவிடுவார்.

கார்டனின் சாவு பார்ப்பவர்களுக்கு நெருடியிருக்க வேண்டும். ஆறு ஆண்டுகள் கழித்து வந்த ‘சான் ஆண்ட்ரியாஸ்’ படத்தில் அதே நாற்காலியில் உட்காரும் டேனியலைக் கவனித்தால் அப்படித்தான் தோன்றுகிறது. டேனியல் பெரிய கட்டடங்கள் கட்டும் பணக்காரர். முதலில் பண்பாகப் பேசுகிறார். நிலம் ஆடத் தொடங்கியதும் கார் நிறுத்துமிடத்தில் சிக்கிக்கொண்ட கதாநாயகனின் மகளை விட்டுவிட்டு ஓடிவிடுகிறார். இனி அவரை என்ன செய்தாலும் கைதட்டலாம். கோல்டன் கேட் பாலத்தில் சரக்குப் பெட்டி ஒன்று அவர்மேல் விழும்போது தட்டவும் செய்தார்கள். கொல்வதற்கு முன் கோழையாக்கிவிடுவது திரைக்கதைக்குச் சௌகரியம். எனக்கென்னவோ கார்டனைக் கொன்ற விதமே தேவலை என்று படுகிறது. அதில் பொய் இல்லை, வெறும் அநியாயம்தான்.

குரல் பதிவறையில் இந்த வெறுப்பை எப்படித் தயாரிக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். மூல நடிகை ஒரு வரிக்கு முன்னால் மெல்ல மூச்சு விட்டிருப்பாள். அது களைப்பு. நாள் முழுக்க வேலை பார்த்து, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து, மறுபடியும் அதே ஆளிடம் அதே விஷயத்தைப் பேச வேண்டியிருக்கிறதே என்ற களைப்பு. பொறுப்பாளர் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து, ‘மேடம், அங்கே ஓர் உச்சுக்கொட்டல் வைத்துக்கொள்ளலாமா? ஜனங்களுக்கு இவளைப் பிடிக்கக் கூடாது’ என்பார். உதடு மூடியிருப்பதால் தாராளமாக வைக்கலாம், யாருக்கும் தெரியாது. வரியின் கடைசியைக் கொஞ்சம் மேலே தூக்கி, குரலை மூக்குப் பக்கம் தள்ளினால் முடிந்தது. களைத்தவள் சண்டைக்காரி ஆகிவிடுவாள். மனைவியின் நச்சரிப்பு நம் ஊர் நகைச்சுவையில் தேய்ந்துபோன சரக்கு, ஆகவே அந்த இடத்தில் சிரிப்பும் நிச்சயம். நான் மூச்சையே வைத்து ஒரு டேக், உச்சுக்கொட்டி ஒரு டேக் கொடுப்பேன். எது படத்தில் போகும் என்பது என் கையில் இல்லை. மூச்சு வைத்த டேக்கே போன படங்களும் உண்டு, அந்தப் படங்களில் அவளை யாரும் திட்டியதாக என் காதுக்கு வரவில்லை.

‘2012’ வெளியான அதே 2009 நவம்பரில் அமெரிக்காவில் ‘தி ரோட்’ படமும் வெளியானது. எல்லாம் எரிந்து சாம்பலான உலகில் ஒரு தந்தையும் சிறுவனும் தெற்கே நடந்து போகிறார்கள். சார்லீஸ் தெரோன் நடித்த தாய் நினைவுக் காட்சிகளில் மட்டுமே வருகிறாள். நம்மைப் பிடித்துச் சீரழித்துத் தின்றுவிடுவார்கள் என்று கணவனிடம் சொல்கிறாள். அவன் கேட்பதாக இல்லை. ஒரு நாள் இருட்டில் எழுந்து வெளியே நடந்து போய்விடுகிறாள். பெற்ற பிள்ளையை விட்டுப் போனாளே என்று அவளைத் தூற்றாதவர்கள் குறைவு. நானும் அவள் போனதைச் சரி என்று வாதாட வரவில்லை. ஆனால் அதே படத்தில் பின்னால் தந்தையும் மகனும் ஒரு வீட்டின் நிலவறைக் கதவைத் திறக்கிறார்கள். தின்பதற்காகப் பூட்டி வைக்கப்பட்ட மனிதர்கள் உள்ளே இருக்கிறார்கள். அவள் சொன்னது அப்படியே நடக்கிறது. அவள் சொன்னாளே என்று அந்தக் காட்சியில் யாருக்கும் ஞாபகம் வருவதில்லை.

கணவன்மேல் உண்மையிலேயே வெறுப்பு வரும்படி எடுக்கப்பட்ட காட்சி என்றால் 2007இல் வந்த ‘28 வீக்ஸ் லேட்டர்’ படத்தின் தொடக்கத்தைச் சொல்வேன். மனிதரை வெறிபிடித்துத் தாக்க வைக்கும் தொற்றுக்கு ஆளானவர்கள் வீட்டுக்குள் புகுந்துவிட்டார்கள். டான் தன் மனைவி ஆலிஸை ஓர் அறையில் விட்டுவிட்டு ஜன்னல் வழியாகக் குதித்துப் புல்வெளியில் ஓடுகிறான். திரும்பிப் பார்க்கும்போது மேல் ஜன்னலில் அவள் நிற்கிறாள். அவன் நிற்கவில்லை. டானாக நடித்த ராபர்ட் கார்லைல் அங்கே பேச வசனம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது, வெறும் மூச்சும் முனகலும். ஓட்ட மூச்சுக்கு எங்கள் தொழிலில் ஒரு வாடிக்கையான முறை இருக்கிறது. தோளைக் குலுக்கிக்கொண்டு வாயால் வாங்கி வாயால் விடுவது. அந்தக் காட்சியில் அது போதாது. அவன் மூச்சுக்குள் அழுகை இருக்கிறது, கூடவே தப்பித்துவிட்டோம் என்ற நிம்மதியும் இருக்கிறது. அந்த நிம்மதி காதில் விழுவதால்தான் அவனை அவ்வளவு வெறுக்கிறோம். பிறகு பிள்ளைகளிடம் அம்மா செத்ததாகக் கதை சொல்கிறான். அவள் சாகவில்லை. இந்தப் படம் யார் முகத்தையும் காட்டி நம்மை வளைக்கவில்லை, அவன் ஓடுவதை மட்டும் காட்டுகிறது.

இன்னொரு வகைக் கணவன் இருக்கிறான், ஒன்றும் ஆகாது என்று அடித்துச் சொல்பவன். லார்ஸ் வான் ட்ரையர் 2011இல் எடுத்த ‘மெலன்கோலியா’வில் வரும் ஜான் அப்படிப்பட்டவர். பணக்காரர், தொலைநோக்கி வைத்திருப்பவர். வருகிற கோள் பூமியைத் தாண்டிப் போய்விடும், விஞ்ஞானிகள் சொல்லிவிட்டார்கள் என்று பயந்த மனைவி கிளேரைத் தேற்றுகிறார். அவர்களுடைய சிறுவன் ஒரு குச்சியின் முனையில் கம்பியை வளையமாக வளைத்துச் செய்து வைத்திருக்கிறான். அதை மார்பில் ஊன்றிக் கோளை வளையத்துக்குள் பொருத்திப் பார்த்துவிட்டு, ஐந்து நிமிடம் கழித்து மறுபடி பார்த்தால் அது நெருங்குகிறதா விலகுகிறதா என்று தெரிந்துவிடும். கிளேர் பார்க்கிறாள். கோள் வளையத்தை மீறித் தெரிகிறது. ஜானைத் தேடிப் போனால், சாக வேண்டி வந்தால் என்று அவள் வாங்கி வைத்திருந்த மாத்திரைகளை அவரே விழுங்கிவிட்டுக் குதிரைக் கொட்டிலில் கிடக்கிறார். மனைவிக்கும் மகனுக்கும் ஒரு மாத்திரைகூட மிச்சம் வைக்கவில்லை.

அண்மைக் காலத்தில் கொஞ்சம் நியாயமாகப் பட்டது 2020இல் வந்த ‘கிரீன்லாண்ட்’. கணவன் வேறொரு பெண்ணோடு உறவு வைத்து வீட்டை விட்டுப் பிரிந்திருந்தவன், அதை மாமனாரிடமே ஒப்புக்கொள்கிறான். மனைவி அலிசன் அவனைத் துளைத்தெடுப்பதில்லை, அவளுக்குத் தன் மகனின் இன்சுலினைப் பற்றித்தான் கவலை. படத்தில் பாதி தூரம் அவள் தனியாகவே சமாளிக்கிறாள், அவளுடைய முகத்துக்கும் உரிய நேரம் கிடைக்கிறது. ஒன்றை மட்டும் கவனித்தேன். கணவனின் துரோகத்தை மன்னிக்கப் பார்வையாளர்களுக்கு ஒரு விமானப் பயணம் போதுமானதாக இருக்கிறது. மேரி ஆனின் ஃப்ரிட்ஜை இன்னும் மன்னித்தபாடில்லை.

எனக்கு வயது கூடிவிட்டதால் மனைவி வேடங்கள் இப்போது இளையவர்களுக்குப் போகின்றன. எனக்கு வருவது கதாநாயகனின் மாமியார். போன மாதம் பேசியவள் தொலைபேசியில் மருமகனிடம் நெடுஞ்சாலை வழியாக வராதே, அங்கே வண்டிகள் நகரவே இல்லை என்று சொல்கிறாள். அவன் நெடுஞ்சாலை வழியாகவே வருகிறான், ஒரு மணி நேரப் படம் அங்கேயே ஓடுகிறது. பொறுப்பாளர் அந்த வரிக்கும் ஓர் உச்சுக்கொட்டல் கேட்டார். மாமியாருக்கு அந்த ஓர் உரையாடல்தான், உடனே இணைப்பு அறுந்துவிடும். ஒன்பது மணிக்குப் போய்ப் பதினொன்றுக்குள் இறந்து, வீட்டுக்கு வந்து சமைத்துவிடலாம். கால்ஷீட் பணத்தில் குறைப்பதில்லை.