பி3 பேசாமல் இருந்த இரவு

போன டிசம்பரில் ஒரு நாள், விடியற்காலை மூன்றேகால் மணி. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. காவலாளி அங்கிளிடமிருந்து போன்: "தம்பி, பி3 முழுக்கத் தண்ணி. லிஃப்டும் நின்னுபோச்சு."

சிங்கப்பூரில் கட்டடங்களில் கம்பியில்லா சென்சார் பொருத்துவதும் பராமரிப்பதும்தான் என் வேலை. அந்தப் பழைய கொண்டோ குடியிருப்பில் மூன்று நிலத்தடித் தளங்கள். மூன்றாவதான பி3இல் இருக்கும் சம்பில், அதாவது தண்ணீர் வந்து சேர்ந்து பம்பு வெளியேற்றும் குழியில், நாங்கள்தான் சென்சார் வைத்திருந்தோம். தண்ணீர் ஏறினால் மிதவை எழும்பும்; சுவரில் உள்ள சோப்புப் பெட்டி அளவு டப்பா வானொலியில் தகவல் அனுப்பும்; காவல் அறைத் திரையில் சிவப்பு விழும். போய்ப் பார்த்தால் கணுக்கால் அளவு தண்ணீர். பம்பின் மின்சாரம் துண்டிக்கப்பட்டிருந்தது. திரையில் பி3 கட்டம் மட்டும் பச்சையாகவே இருந்தது.

விடிந்ததும் ஐந்தாவது மாடிப் பாட்டி டயாலிசிஸுக்குப் போக வேண்டும். அந்தப் புளோக்குக்கு ஒரே லிஃப்ட், அதன் குழியிலோ தண்ணீர். நானும் என்னோடு வேலை செய்யும் புதுக்கோட்டைத் தம்பியும் சக்கர நாற்காலியோடு பாட்டியைத் தூக்கிப் படி வழியாக இறக்கினோம். "பார்த்துப்பா, இடுப்பு பிடிச்சுக்கப் போகுது" என்று வழி முழுக்க எங்களுக்காகக் கவலைப்பட்டுக்கொண்டே வந்தார். அந்த ஐந்து மாடியை நான் இன்னும் மறக்கவில்லை.

காரணம் மறுநாள் ஸ்டோர் ரூமில் கிடைத்தது. ஒரு பிளாஸ்டிக் பையில், கூரையில் மாட்டியிருந்த எங்கள் ரிலே. டப்பா சொல்வதை வாங்கி மேலே கடத்துவது அதுதான். விளக்கு மாற்ற வந்தவர்கள் கழற்றிப் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறார்கள். அவர்கள்மேல் என்ன குற்றம்? அதன்மேல் ஒரு வரிசை எண்ணைத் தவிர நாங்கள் எதுவும் எழுதி வைக்கவில்லை.

இந்த வலையமைப்பில் ரிலேயைப் பெற்றோர் என்றும், அதை நம்பியிருக்கும் டப்பாவைப் பிள்ளை என்றும் சொல்வார்கள். பெற்றோரை இழந்த பிள்ளை என்ன செய்யும்? தேடும். அரை நிமிடத்துக்கு ஒரு தடவை கண்விழித்து, நாலு விநாடி காது கொடுத்துக் கேட்கும். அந்தக் கேட்பதுதான் அதைக் கொன்றது. இப்படிப்பட்ட வானொலிச் சில்லு பேசும்போதும் சரி, சும்மா கேட்டுக்கொண்டிருக்கும்போதும் சரி, சுமார் 20 மில்லியாம்ப் இழுக்கும். சில சில்லுகளில் பேசுவதைவிடக் கேட்பதற்கே கொஞ்சம் அதிகம். தூங்கும்போது 5 மைக்ரோஆம்ப் போதும். உள்ளே இருக்கும் 3.6 வோல்ட் லித்தியம் பேட்டரியின் கொள்ளளவு 2,400 மில்லியாம்ப்-மணி. ஓயாமல் விழித்திருந்தால் 5 நாளில் காலி. தூங்கிக்கொண்டே இருந்தால் கணக்குப்படி 50 வருடத்துக்கும் மேல். எங்கள் டப்பா ஐந்து வாரம் தேடிவிட்டு அடங்கிவிட்டது.

இந்தத் துறையின் கதையே தூங்கவைக்கும் கலைதான் என்று எனக்குத் தோன்றும். 1990களின் கடைசியில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் கிரிஸ் பிஸ்டர் 'ஸ்மார்ட் டஸ்ட்' என்று ஒரு கனவை முன்வைத்தார்: உணரி, கணினி, தொடர்பு எல்லாம் ஒரு கன மில்லிமீட்டருக்குள். ராணுவ ஆராய்ச்சிப் பணத்தில் வளர்ந்த யோசனை அது. ஆனால் எனக்குப் பிடித்த அத்தியாயம் 2002இல் மெய்ன் மாநிலத்தின் கிரேட் டக் தீவில் நடந்தது. அங்கே ஒருவகைக் கடற்பறவை மண்ணில் வளை தோண்டி முட்டையிடும். ஆள் போனால் கூட்டைவிட்டே ஓடிவிடும். அதனால் 32 சின்னக் கருவிகளைத் தீவில் வைத்தார்கள். சில வளைக்குள்ளேயே இருந்தன. ஒரு பறவை அடைகாக்கிறதா என்று வளையின் வெப்பத்தை வைத்தே தெரிந்துகொள்ளலாம். தொந்தரவு செய்யாமல் கவனித்துக்கொள்வது, அதுதான் இந்தத் தொழில்நுட்பத்தின் நல்ல குணம்.

அடுத்த வருடம் இப்படிக் குறைந்த மின்சாரத்தில் பேசும் கருவிகளுக்கென்று 802.15.4 என்ற பொதுத் தரம் வந்தது. ஸிக்பீ என்ற வலையமைப்பு முறை அதன்மேல்தான் நிற்கிறது. அப்புறம் லோரா என்ற வானொலி முறை வந்தது, பிரெஞ்சுக்காரர்கள் கண்டது. மெதுவாகப் பேசி வெகுதூரம் எட்டும். நம் ஊரிலேயே தண்ணீர்க் குழாய்களில் அழுத்த சென்சார் வைத்துக் கசிவையும் உடைப்பையும் கண்டுபிடிக்கும் 'வாட்டர்வைஸ்' ஆய்வை சிங்கப்பூர்-எம்ஐடி ஆய்வுக் கூட்டணியும் நன்யாங் பல்கலைக்கழகமும் பொதுப் பயனீட்டுக் கழகமும் சேர்ந்து நடத்தின. கால்வாய்களில் நீர்மட்ட சென்சார்கள் இருப்பதால்தான் வெள்ள எச்சரிக்கை இன்று கைப்பேசிக்கே வருகிறது. 2010 ஜூனில் ஆர்ச்சர்ட் ரோடு மூழ்கியதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

சரி, என் பி3க்கு வருகிறேன். டப்பா செத்தது பிழையில் பாதிதான். மறுபாதியை நான் செய்தேன். தண்ணீர் வந்தால் மட்டும் பேசு என்று அதை அமைத்தது நான். அதனால் காய்ந்த சம்பும் செத்த சென்சாரும் திரையில் ஒரே பச்சையாகத் தெரிந்தன. அது பேசாமல் இருந்ததை நல்ல செய்தி என்று நாங்கள் எல்லோரும் எடுத்துக்கொண்டோம்.

இப்போது எல்லா டப்பாவும் மணிக்கு ஒரு தடவை 'இருக்கிறேன்' என்று சொல்கிறது. ஒரு தடவை சொல்ல ஏறக்குறைய 20 மில்லி விநாடி. கூட்டிப் பார்த்தேன்: ஒரு வருடத்துக்குச் சுமார் 1 மில்லியாம்ப்-மணி. 2,400இல் ஒன்று! இதைச் சேமிக்கப் போய்த்தான் பாட்டியைப் படியில் தூக்கும்படி ஆனது. இரண்டு மணி நேரம் குரல் வராவிட்டால் கட்டம் மஞ்சளாகும். ரிலேக்களின்மேல் நான்கு மொழியிலும் 'கழற்ற வேண்டாம்' என்று ஒட்டி, என் போன் நம்பரையும் எழுதியிருக்கிறேன்.

பேட்டரியே இல்லாத சென்சார்தான் அடுத்து வரப்போகிறது என்று நான் நம்புகிறேன். 2013இலேயே வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில், காற்றில் ஏற்கனவே இருக்கும் டிவி அலையைப் பிரதிபலித்தே இரண்டு கருவிகளைப் பேசவைத்துக் காட்டினார்கள். அறை வெளிச்சத்திலேயே ஓடும் சென்சார்கள் கடைக்கே வந்துவிட்டன. மனதார வரவேற்கிறேன், ஒவ்வொரு வருடமும் நாங்கள் கழற்றும் பேட்டரிகளைப் பார்த்தால் வயிறு எரிகிறது. ஆனால் பி3 மாதிரி இருட்டில் வெளிச்சமும் இல்லை, டிவி அலையும் எட்டாது. அங்கே இன்னும் பல வருடம் யாராவது ஒருவர் ஸ்க்ரூ டிரைவரோடு இறங்கித்தான் ஆக வேண்டும். டப்பாவுக்குள் எறும்பு புற்று வைத்திருக்கும், மிதவையில் சிலந்தி வலை கட்டியிருக்கும். எத்தனை சென்சார் என்று கேட்டு விலை பேசுகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, மூன்றாவது வருடம் இதை யார் வந்து பார்ப்பார்கள் என்றுதான்.

போன வியாழக்கிழமை யாரிடமும் சொல்லாமல் பி3 டப்பாவின் பேட்டரியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு டேக்கா பக்கம் சாப்பிடப் போய்விட்டேன். சாப்பிட்டு, டீயும் குடித்தாயிற்று. போன் அடித்தது.

"தம்பி, பி3 மஞ்சளாயிருச்சு. என்னன்னு வந்து பாரு."

"இதோ வர்றேன் அங்கிள்" என்றேன்.